நினைவகப் பலகையில் ஒரு சிறு வெட்டு

பத்திரிகைத் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு, வீட்டிலும் ஒரு கணினி வேண்டும் என்ற எண்ணம் 2002ஆம் ஆண்டிலேதான் ஏற்பட்டது. முழுமையாகப் பூட்டி விற்கப்படும் கணினியின் விலை கைக்கு எட்டாதிருந்தபடியால், உதிரிப்பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்வது எனத் தீர்மானித்தேன். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் குடியிருந்த இளைஞன் ஒருவன், கணினித்துறையில் படித்துக் கொண்டிருந்தவன், பூட்டித் தருவதாக முன்வந்தான். வாங்க வேண்டியவற்றை ஒரு கடதாசியில் எழுதியும் தந்தான். அதில் ஒரு வரி: "எஸ்.டி.ராம், 256 மெகாபைட்."

பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நெருங்கியிருக்கும் இடத்துக்குப் போய் விசாரித்தேன். ஒரு கடையில், "ஐயா, அது பழசு. இது டி.டி.ஆர்., புதுசு, வேகமும் கூட, விலையிலை பெரிய வித்தியாசம் இல்லை" என்றார்கள். பழையதிலும் புதியது நல்லதுதானே என்று எண்ணி அதையே வாங்கிக்கொண்டு வந்தேன். எந்தத் தாய்ப்பலகைக்கு வாங்குகிறேன் என்பதை நான் சொல்லவுமில்லை, அவர்கள் கேட்கவுமில்லை.

அன்று மாலை அந்தப் பலகையைச் செருகுவாயில் வைத்தேன். நீளம் சரியாக இருந்தது. ஆனால் உள்ளே இறங்கவில்லை. பெருவிரல்களால் அழுத்த முற்பட்டபோது இளைஞன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அங்கிள், அமத்தாதேங்கோ. வெட்டு ஒத்துவரேல்லை எண்டால் அது வேறை சாமான். அமத்தினால் ரெண்டும் போயிடும்."

அவன் சுட்டிக்காட்டிய பின்னரே கவனித்தேன். நினைவகப் பலகையின் அடி ஓரத்தில் ஒரு சிறு வெட்டு. செருகுவாயிலோ இரண்டு தடுப்புகள், அவையும் வேறு இடங்களில். கடைச்சிட்டையில் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று அச்சிட்டிருந்தது. பிழை என்னுடையது. அந்தப் பலகை என் மேசை இழுப்பறைக்குள் போயிற்று.

ஆயினும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்த வெட்டை அந்த இடத்தில் இடும்படி சொன்னவர் யார்? ஒருவரோடொருவர் கடுமையாகப் போட்டியிடும் கம்பனிகள் எல்லாம் ஒரே இடத்தில் வெட்டுவது எப்படி?

ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. ஒரு வார்ப்பகத்தின் எழுத்தோடு இன்னொரு வார்ப்பகத்தின் எழுத்தைக் கலந்து கோக்கலாம். ஆனால் எல்லா எழுத்தும் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஆங்கில, அமெரிக்க முறையில் அந்த உயரம் 0.918 அங்குலம். ஒரு மயிரிழை குறைந்த எழுத்து தாளில் பதியாது. கூடிய எழுத்து தாளைக் கிழிக்கும். அந்த அளவு இயற்கை தந்ததன்று, வார்ப்பகங்கள் கூடிப் பேசி முடிவுசெய்தது. கணினி நினைவகத்தின் கதையும் அத்தகைய உடன்பாடுகளின் கதைதான். அந்த உடன்பாடு குலைந்தபோதெல்லாம் நட்டப்பட்டவர்களுள் வீட்டிலே கணினி பூட்டிய சாதாரண மனிதனும் ஒருவன்.

கசியும் நினைவகம்

1950களிலும் 60களிலும் கணினிகளின் நினைவகம் என்பது, மெல்லிய கம்பிகளில் கோக்கப்பட்ட சின்னஞ்சிறு காந்த வளையங்களாகவே இருந்தது. மசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே பொரஸ்டர் உருவாக்கிய அந்த முறை 1953இல் 'வேர்ள்விண்ட்' என்னும் கணினியில் இயங்கத் தொடங்கியது. அதே துறையில் முன்னோடியான ஆய்வு செய்து ஆக்கவுரிமை பெற்ற இன்னொருவர், சீனாவிலிருந்து அமெரிக்கா சென்ற ஆன் வாங். இவருடைய பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும், மீண்டும் வருவார்.

1966இல் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரொபர்ட் டெனார்ட் என்பவர், ஒரேயொரு திரான்சிஸ்டரையும் மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் ஒரு சிறு கொள்ளளவியையும் கொண்டு ஒரு 'பிட்' தகவலைச் சேமிக்கலாம் எனக் கண்டார். 1968இல் அதற்கு ஆக்கவுரிமை கிடைத்தது. இன்று கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் உள்ள 'டி-ராம்' நினைவகத்தின் அடிப்படை இதுவே. 1970 ஒக்டோபரில் இன்டெல் கம்பனி 1103 என்ற இலக்கமுடைய, 1024 பிட் கொள்ளும் சில்லை விற்பனைக்கு விட்டது. அதன் அமைப்பு டெனார்டினதைவிடச் சற்று வேறானது, ஆயினும் மின்னேற்றத்தைத் தேக்கும் கொள்கை ஒன்றே. காந்த வளையங்களின் காலம் அத்துடன் முடிவுக்கு வரத் தொடங்கியது.

கொள்ளளவியில் தேக்கிய மின்னேற்றம் நில்லாது கசிந்துவிடும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அது முற்றாகக் கசியுமுன் வாசித்து மீண்டும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். பிற்காலச் சில்லுகளில் ஒவ்வொரு நிரையும் பொதுவாக 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே நினைவகம் தனித்து இயங்கும் பொருளன்று. அதை ஆளும் கட்டுப்படுத்தி எப்பொழுது கேட்கும், நினைவகம் எத்தனை துடிப்புக்குப் பின்னர் விடை சொல்லும், எத்தனை வோல்ட்டில் பேசும் என்பதெல்லாம் இரு தரப்பும் முன்கூட்டியே இணங்கியிருக்க வேண்டியவை. பொருத்தம் என்ற பிரச்சினை பிறந்த இடம் இதுதான்.

முதல் உடன்பாடுகள்

1981 ஓகஸ்டில் ஐ.பி.எம். வெளியிட்ட தனியாள் கணினியில் ஆகக் குறைந்த நினைவகம் 16 கிலோபைட். அதற்கு ஒன்பது சில்லுகள்: எட்டுத் தகவலுக்கு, ஒன்பதாவது பிழை காட்டுவதற்கு. தாய்ப்பலகையில் 64 கிலோபைட் வரை கூட்டலாம். கூட்டுவதாயின் 27 சில்லுகளை ஒவ்வொன்றாகக் குழிகளில் அமர்த்த வேண்டும். ஒரு கால் வளைந்தாலோ, திசை மாறினாலோ எல்லாம் வீண். கணினி சூடேறியும் ஆறியும் வர, சரியாக அமர்த்திய சில்லுகளும் மெல்ல மெல்ல மேலெழும்பிவிடும்.

இந்தத் தொல்லைக்குத் தீர்வு 1983இல் வந்தது. சில்லுகளை ஒரு சிறு பலகையில் ஒட்டி, அந்தப் பலகையையே செருகும் 'சிம்' முறை. (தொலைபேசியில் இடும் சிம் அட்டை வேறு.) அதைக் கண்டது வாங் லபோரட்டரீஸ் கம்பனி, முன்னே சொன்ன ஆன் வாங் நிறுவிய அதே கம்பனி.

எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டால் உற்பத்தி பெருகும், விலை குறையும் என்பதை அறிந்த வாங், ஜெடெக் என்ற அமைப்பில் அதனைப் பொதுத்தரமாக்க முயன்றது. 1958இல் தொடங்கிய ஜெடெக், போட்டிக் கம்பனிகளின் பொறியியலாளர்கள் ஒரு மேசையைச் சுற்றியிருந்து தரங்களை முடிவுசெய்யும் இடம். பலகையின் நீளம், தொடுமுனைகளின் எண்ணிக்கை, வெட்டின் இடம் எல்லாம் முடிவாவது அங்கேதான். சிம் உலகெங்கும் பரவியது. பின்னர், தான் ஆக்கவுரிமை பெற்றிருப்பதாகச் சொல்லி வாங் உற்பத்தியாளர்கள்மீது வழக்குத் தொடுத்தது. தரமாக்குமாறு கேட்ட வேளையில் அந்த ஆக்கவுரிமை முயற்சியை அது ஜெடெக்கில் சொல்லியிருக்கவில்லை. சில வழக்குகளில் வாங் வென்றது. ஆனால் மிற்சுபிசிக்கு எதிரான வழக்கில், வாங் நடந்துகொண்ட முறையே பயன்படுத்துவதற்கான அனுமதிக்குச் சமம் என 1997இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதே நாடகம் பெரிய அளவில் மீண்டும் அரங்கேறவிருந்தது.

வீட்டில் பூட்டுபவர் கற்க வேண்டியவையும் இக்காலத்தில் பெருகின. 30 தொடுமுனைச் சிம் ஒரு தடவையில் 8 பிட் தரும். 486 செயலி 32 பிட் கேட்கும். ஆகவே ஒரே வகையான நான்கு பலகைகளை ஒன்றாக இட வேண்டும். மூன்றை இட்டால் கணினி எழும்பாது. 72 தொடுமுனைச் சிம் 32 பிட் தந்தது. ஆனால் பென்ரியம் செயலி 64 பிட் கேட்டதால் இரண்டிரண்டாக இட வேண்டியதாயிற்று. பொன் பூசிய முனையைத் தகரம் பூசிய செருகுவாயில் இட்டால் காலப்போக்கில் அரிப்பேற்பட்டுத் தொடர்பு அறும் என்ற எச்சரிக்கையும் இருந்தது.

1993இல் ஜெடெக் எஸ்.டி.ராம் தரத்தை வெளியிட்டது. கட்டுப்படுத்தியின் துடிப்புக்கு இசைந்து இயங்கும் இந்நினைவகம், 168 தொடுமுனைகளும் 64 பிட் அகலமும் கொண்ட 'டிம்' பலகையில் வந்தது. பென்ரியத்துக்கு இப்போது ஒரு பலகை போதும். என் தாய்ப்பலகையின் செருகுவாயில் இரண்டு தடுப்புகள் இருந்தனவல்லவா? அவற்றுள் ஒன்று வோல்ட்டைக் குறிப்பது. மற்றது, இடைத்தாங்கி உள்ளதா இல்லையா என்பதைக் குறிப்பது. கண்ணால் பார்த்தே பிழையைத் தவிர்க்கும்படி எழுதப்பட்ட உடன்படிக்கை அது.

ஆயினும் வெட்டுப் பொருந்தினால் எல்லாம் பொருந்திற்று என்று எண்ணவும் முடியாது. 1998இல் இன்டெல் பி.சி.100 என்ற விதிமுறையை வகுத்தபோது, ஒவ்வொரு பலகையிலும் அதன் கொள்ளளவையும் நேர அளவுகளையும் எழுதிவைத்த ஒரு சிறு சில்லு இருக்க வேண்டும் என்றது. கணினி எழும்பும்போது அதை வாசித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அப்படியிருந்தும், அதே ஆண்டில் வந்த 440பி.எக்ஸ். சிப்செட் உள்ள கணினியில், 16 சில்லு கொண்ட 256 மெகாபைட் பலகை முழுதாகத் தெரியும்; 8 சில்லு கொண்ட 256 மெகாபைட் பலகை பாதியாகவே தெரியும். அந்தச் சில்லுகளின் அடர்த்தியை ஆளும் திறன் சிப்செட்டுக்கு இல்லாமையே காரணம். வாங்கியவர் கடைக்காரரை ஏசுவார், கடைக்காரர் பூட்டியவரை ஏசுவார்.

தனிவழி சென்ற ராம்பஸ்

1990இல் மைக் பாம்வோல்ட், மார்க் ஹொரோவிட்ஸ் ஆகிய இருவரும் தொடங்கிய ராம்பஸ் கம்பனி சில்லு எதனையும் தானே உற்பத்தி செய்யவில்லை. வேகமான நினைவகத்துக்கான வடிவமைப்பைப் பிறருக்கு உரிமப் பணத்துக்குக் கொடுப்பதே அதன் வியாபாரம். நின்ரெண்டோ 64, பிளேஸ்டேஷன் 2 ஆகிய விளையாட்டுக் கருவிகளில் அதன் நினைவகமே இருந்தது. 1996இல் இன்டெல், எதிர்காலக் கணினிகளுக்கு ராம்பஸின் ஆர்.டி.ராம் நினைவகத்தையே தெரிவுசெய்து உடன்படிக்கை செய்தது.

அது பலர் கூடி எடுத்த முடிவன்று. உரிமப் பணம் செலுத்த வேண்டிய ஒரு தனிவழி. மறுபுறத்தில் சில்லு உற்பத்தியாளர்கள், இருந்த எஸ்.டி.ராமையே வளர்த்து ஒரு துடிப்பில் இரு தடவை தகவல் அனுப்பும் டி.டி.ஆர். தரத்தை ஜெடெக்கில் உருவாக்கினர். 2000 ஜூனில் அது வெளியிடப்பட்டது.

1999 செப்ரெம்பரில் வரவிருந்த இன்டெலின் 820 சிப்செட், மூன்று செருகுவாய்கள் உள்ள பலகைகளில் பிழை கண்டதால் பிற்போடப்பட்டு, நவம்பரில் இரண்டு செருகுவாய்களுடன் வந்தது. ஆர்.டி.ராமின் விலை மிக அதிகம் என்பதால், அதே சிப்செட்டில் எஸ்.டி.ராமைப் பயன்படுத்த ஒரு மொழிபெயர்ப்புச் சில்லு இணைக்கப்பட்டது. அதிலும் குறை காணப்பட்டு, 2000 மே மாதத்தில் அத்தகைய தாய்ப்பலகைகளை மீளப்பெற்று மாற்றிக்கொடுக்க இன்டெல் முன்வந்தது. அதே ஆண்டு நவம்பரில் பென்ரியம் 4 வெளிவந்தபோது, அதற்கிருந்த 850 சிப்செட் ஆர்.டி.ராமை மாத்திரமே ஏற்றது. பலகைகளைச் சோடியாக இட வேண்டும். வெற்றுச் செருகுவாயை வெறுமனே விடவும் முடியாது. சில்லு எதுவுமில்லாத ஒரு வெற்றுப் பலகையை வாங்கி அதில் இட வேண்டும். மின்பாதை தொடர்வதற்கு அது தேவை.

ஏ.எம்.டி. கம்பனி 2000 ஒக்டோபரிலேயே டி.டி.ஆர். பக்கம் சென்றிருந்தது. தாய்வானின் வியா கம்பனி 2001இல் பென்ரியம் 4க்கும் டி.டி.ஆர். சிப்செட் செய்தது. இன்டெல்லும் 2001 செப்ரெம்பரில் எஸ்.டி.ராமுக்கான 845 சிப்செட்டையும், தொடர்ந்து அதன் டி.டி.ஆர். வடிவத்தையும் கொண்டுவந்தது. 2003இல் போட்டி முடிந்துவிட்டது. பெருந்தொகை கொடுத்து ஆர்.டி.ராம் கணினி பூட்டியவர்கள், பின்னர் நினைவகத்தைக் கூட்ட விரும்பியபோது, கணினியின் பெறுமதியைவிட நினைவகத்தின் விலை அதிகம் என்ற நிலையில் அகப்பட்டனர்.

சந்தையில் தோற்ற ராம்பஸ், நீதிமன்றத்தில் இன்னொரு போரைத் தொடங்கியிருந்தது. எஸ்.டி.ராமிலும் டி.டி.ஆரிலும் உள்ள சில உத்திகள் தனது ஆக்கவுரிமைக்கு உட்பட்டவை என்று 2000ஆம் ஆண்டிலிருந்து கம்பனிகளிடம் பணம் கோரியது. அதுவோ 1992 முதல் 1996 வரை ஜெடெக்கில் உறுப்பினராக அமர்ந்திருந்த கம்பனி. 2001இல் வெர்ஜீனியாவில் யூரிமார் ராம்பஸ் மோசடி செய்ததாகக் கண்டனர். 2003இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. உறுப்பினர் எதை வெளிப்படுத்த வேண்டும் என்பதைப் பற்றிய ஜெடெக்கின் விதிகளே தெளிவற்றவை என்றது. அமெரிக்க வணிக ஆணைக்குழு 2006இல் ராம்பஸுக்கு எதிராக முடிவுசெய்தது. 2008இல் அதுவும் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. ஐரோப்பிய ஆணைக்குழுவோடு 2009 டிசெம்பரில் ஏற்பட்ட இணக்கத்தில், உரிமப் பணத்துக்கு உச்சவரம்பு விதிக்க ராம்பஸ் ஒப்புக்கொண்டது.

ராம்பஸை எதிர்த்து நின்றவர்கள் அனைவரும் உத்தமர்கள் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. 1999க்கும் 2002க்கும் இடையில் நினைவகச் சில்லுகளின் விலையைப் போட்டியாளர்கள் இரகசியமாகக் கூடி நிர்ணயித்தனர் என அமெரிக்க நீதித்திணைக்களம் குற்றஞ்சாட்டியது. இன்பினியன் 16 கோடி டொலர், ஹைனிக்ஸ் 18.5 கோடி, சாம்சுங் 30 கோடி, எல்பிடா 8.4 கோடி என, 2004க்கும் 2006க்கும் இடையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் செலுத்தின. வெளிச்சத்தில் ஒரு மேசையில் இருந்து வெட்டின் இடத்தை முடிவுசெய்தவர்கள், இருட்டில் விலையையும் பேசிக்கொண்டனர். முதலாவது உடன்பாடு வாங்குபவனுக்குக் காப்பு. இரண்டாவது அவனுடைய சட்டைப்பையில் கை வைப்பது. இரண்டையும் வேறுபிரித்து அறிவது பத்திரிகையாளனுக்கு மட்டுமன்றி, வாங்குபவனுக்கும் அவசியம்.

இன்று வாங்குபவர் பார்க்க வேண்டியவை

பின்னர் வந்த ஒவ்வொரு தலைமுறையிலும் வோல்ட் குறைந்தது, வெட்டு இடம் மாறியது. எஸ்.டி.ராம் 3.3 வோல்ட், டி.டி.ஆர். 2.5, டி.டி.ஆர்.2 1.8, டி.டி.ஆர்.3 1.5, டி.டி.ஆர்.4 1.2, டி.டி.ஆர்.5 1.1. டி.டி.ஆர்.2, 3 ஆகிய இரண்டுக்கும் 240 தொடுமுனைகள். 4, 5 ஆகிய இரண்டுக்கும் 288. எண்ணிக்கை ஒன்றென்று ஏமாறக் கூடாது என்பதற்காகவே வெட்டு விலக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

எனவே முதலில் பார்க்க வேண்டியது நினைவகத்தையன்று, தாய்ப்பலகையை. 2021இல் வந்த இன்டெலின் 12ஆம் தலைமுறைச் செயலி டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டையும் ஏற்கும். ஆனால் சாதாரணமாக ஒரு தாய்ப்பலகை இவற்றுள் ஒன்றையே ஏற்கும். 2022இல் வந்த ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 தாய்ப்பலகைகள் டி.டி.ஆர்.5ஐ மட்டுமே ஏற்கும். இரண்டாவது, சேவையகக் கணினிகளுக்குரிய 'ரெஜிஸ்ரர்ட்' வகைப் பலகைகள் பழைய பொருட்களாக மலிவாகக் கிடைக்கும். டி.டி.ஆர்.4இல் அவை வீட்டுக் கணினியின் செருகுவாயில் இறங்கவும் செய்யும், ஆனால் இயங்கமாட்டா. மூன்றாவது, பெட்டியில் பெரிதாக அச்சிட்டுள்ள வேகம், எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்னும் அமைப்பைக் கணினியில் இயக்கினாலன்றி வராது. நான்காவது, இரண்டு பலகை வேண்டுமாயின் ஒரே பெட்டியில் சோடியாக வருவதை வாங்குவது நன்று. தனித்தனியே வாங்கிய இரண்டு, ஒரே பெயரைத் தாங்கியிருந்தாலும் உள்ளே வேறு சில்லுகளைக் கொண்டிருக்கலாம். டி.டி.ஆர்.5இல் நான்கு செருகுவாய்களையும் நிரப்பினால் பெரும்பாலும் வேகம் குறையும். இறுதியாக, தாய்ப்பலகைக் கம்பனி தான் சோதித்த பலகைகளின் பட்டியலைத் தன் இணையத்தளத்தில் வைத்திருக்கும். காசைக் கொடுக்குமுன் அதைப் பார்ப்பது அரை மணி நேர வேலை.

செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் 2025இன் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை மிக உயர்ந்தது. வீட்டுப் பாவனையாளருக்கு 'குருசியல்' என்ற பெயரில் நினைவகம் விற்றுவந்த மைக்ரோன் கம்பனி, அந்த வியாபாரத்தை விட்டு விலகுவதாக அவ்வாண்டு டிசெம்பரில் அறிவித்தது. வீட்டில் கணினி பூட்டுபவன் இனித் தவறு செய்தால் இழப்பு முன்னையிலும் பெரிது.

என் இழுப்பறையில் கிடந்த பலகைக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். 2004இல் தாய்ப்பலகை பழுதாகி, புதியதொன்று வாங்க வேண்டி வந்தது. கீழ்மாடி இளைஞன் இப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தான். இம்முறை அவன் எழுதித் தந்த கடதாசியை விட்டு நான் இம்மியும் விலகவில்லை. மாலையில் இழுப்பறையைத் திறந்து, அந்தப் பழைய டி.டி.ஆர். பலகையை அவனிடம் கொடுத்தேன். வெட்டைப் பார்த்தான், செருகினான், இரு பக்கக் கொளுவிகளும் தாமாகவே மேலெழுந்து பூட்டிக்கொண்டன.

"இது வேலை செய்யும், அங்கிள்" என்றான்.

வேலை செய்தது. நான் பெயர் அறியாத பொறியியலாளர்கள், ஒருவரோடொருவர் போட்டியிடும் கம்பனிகளிலிருந்து வந்து, எங்கேயோ ஒரு மேசையில் கூடியிருந்து எழுதிய சொல்லைக் காப்பாற்றியிருந்தார்கள். இரண்டு வருடங்கள் இழுப்பறையில் கிடந்த என் பணம் அதனால் வீண்போகவில்லை.